முகம் காட்டவும்

என் கணவரின் முகம் கோணிப்போனதை முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை. அவருடைய போன். இதை நினைக்கும்போதெல்லாம் அந்தப் போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வருகிறது. கட்டின பெண்டாட்டி நான் ஒருத்தி அதே வீட்டில் இருக்கிறேன். முந்திக்கொண்டது அது.

அவர் பார்சல் வேன் ஓட்டுகிறவர். கம்பெனி என்று ஒன்று இருக்கிறது. ஆனால் முதலாளி, மேனேஜர் என்று கண்ணால் பார்க்கிற மாதிரி ஒருவரும் கிடையாது. எல்லாம் போனுக்குள் இருக்கிற ஆப்தான். காலையில் வேலை தொடங்கும் முன் அது 'முகம் காட்டவும்' என்று கேட்கும். போனை நேரே பிடித்துக்கொண்டு இப்படித் திரும்ப வேண்டும், அப்படித் திரும்ப வேண்டும், கண்ணைச் சிமிட்ட வேண்டும். ஆள் அவர்தான் என்று அதற்குத் திருப்தியானால் முகத்தைச் சுற்றிப் பச்சை வட்டம் வரும். அதற்குப் பிறகுதான் அன்றைய பார்சல்கள். நடுவிலும் நினைத்தபோதெல்லாம் வண்டியை ஓரம்கட்டச் சொல்லி மறுபடியும் முகம் கேட்கும். அவர் பெயரில் வேறு யாராவது ஓட்டிவிடக் கூடாதாம். அவ்வளவு அக்கறை.

அன்று காலை அவர் சமையலறை விளக்குக்குக் கீழே நின்று போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சிவப்பு வட்டம் வந்தது. சட்டை நுனியால் கேமராவைத் துடைத்தார். மறுபடியும் சிவப்பு.

"முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வாங்க. தூங்கி எழுந்த மூஞ்சி யாருக்குத்தான் அடையாளம் தெரியும்?" என்றேன், அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

அவர் ஏதோ சொன்னார். வார்த்தை குழறியது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிறார் என்று நினைத்துத் திட்டுவதற்காகத் திரும்பினேன். வலது பக்கம் முழுவதும் கீழே இறங்கியிருந்தது. ஒரு கண் மூடுகிறது, இன்னொன்று திறந்தபடியே என்னைப் பார்க்கிறது. வாயோரத்தில் காபி வழிந்து கழுத்துவரை போயிருந்தது, அது அவருக்கே தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே எனக்குச் செருப்படி. "எப்போலேருந்து இப்படி இருக்கு?"

முந்தின நாள் இரவு சாப்பிடும்போது நன்றாக இருந்தாரா? அவர் கையில் அவர் போன், என் கையில் என் போன். சாப்பிட்டோம், தட்டைக் கழுவினோம், படுத்தோம். அவர் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்தது எப்போது என்று யோசித்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

"போன்தான் டாக்டர் சொல்லுச்சு," என்றார் அவர். டாக்டர் சிரிக்கவில்லை. இது முகவாதம், பயப்பட வேண்டிய பக்கவாதம் இல்லை, நரம்பு வீங்கியிருக்கிறது, சில மாதங்களில் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும் என்றார். கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்.

சரி, எங்களுக்குப் புரிந்துவிட்டது. போனுக்கு யார் போய்ச் சொல்வது?

ஆப்பில் 'உதவி' என்று ஒரு மூலை உண்டு. அங்கே எழுதினோம். 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன்' என்று உடனே பதில் வந்தது. ஆகா என்று இருந்தது. 'நல்ல வெளிச்சத்தில், இயல்பான முகத்துடன் மீண்டும் முயலவும்.' டாக்டர் சீட்டைப் படம் எடுத்து அனுப்பினோம். 'உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறேன். நல்ல வெளிச்சத்தில், இயல்பான முகத்துடன்…'

"இதுதாண்டா இப்போ என் இயல்பான முகம்!" என்று அவர் போனைப் பார்த்துக் கத்தினார். கத்தியதில் எச்சில்தான் தெறித்தது. நான் துடைத்துவிட்டேன்.

பேசாமல் ஓய்வெடுக்கலாமே என்பீர்கள். கொஞ்ச நாள் தொடர்ந்து வேலை எடுக்காவிட்டால் அவரைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அந்த இடத்துக்கு வரிசைகட்டி ஆள் நிற்கிறது. நான் வேலை பார்க்கும் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் பெண்களை எல்லாம் எடுத்துவிட்டு, வாங்குகிறவர்களே பில் போட்டுக்கொள்ளும் மெஷின்களை நிறுத்திவிட்டார்கள். அந்த மெஷின் முழித்தால் ஓடிப்போய்த் தட்டிக்கொடுக்க மட்டும் என்னை வைத்திருக்கிறார்கள், அதுவும் அரைநாள். அவர் வேலைதான் எங்கள் வீடு. அது போனால் எல்லாம் போச்சு.

வீட்டில் இன்னொரு ஆளும் உண்டு. என் கொழுந்தன். எங்களுக்கு அவன் சின்னவன். கல்யாணமாகி நான் வந்தபோது அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்று "அண்ணி வந்தாச்சு" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தியவன். வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் குறிக்கும் வேலையில் இருந்தான். மீட்டரே தன் கணக்கைத் தானே அனுப்பிக்கொள்ளும் காலம் வந்ததும் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாலில் சோபாவில் படுத்துக்கொண்டு, சாப்பிடக் கூப்பிட்டால்கூட "பசியில்ல அண்ணி" என்று கூச்சப்படுவான். எனக்குக் கோபம் கோபமாக வரும். "பசியில்லாம இருக்க நீ என்ன மீட்டரா? வந்து தின்னு," என்பேன்.

அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. வயது வித்தியாசமும் சின்னவனின் மீசையும் இல்லாவிட்டால் பெற்றவளே குழம்பிப்போவாள். அவன்தான் ஒருநாள் விளையாட்டாக அண்ணன் போனை எடுத்துத் தன் முகத்துக்கு நேரே பிடித்தான். சிவப்பு வட்டம் வந்தது. ஆனால் வேறு மாதிரி வார்த்தை: 'முகத்தை இன்னும் தெளிவாகக் காட்டவும்.' அவன் நேரே குளியலறைக்குப் போனான். வெளியே வந்தபோது மீசை இல்லை. போனைப் பிடித்தான், திரும்பினான், சிமிட்டினான். பச்சை.

பொய் சொல்வானேன், நான் கைதட்டினேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கணவர் பாதி முகத்தால் சிரித்தார். "மீசை போனாலும் மானம் போகலடா," என்றார்.

மறுநாளிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்தே கிளம்பினார்கள். அண்ணன் ஓட்டுவார், தம்பி பக்கத்தில் உட்காருவான். போன் முகம் கேட்டால் வண்டியை ஓரம்கட்டிவிட்டுத் தம்பி காட்டுவான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் பார்க்கவே யாரும் இல்லை. பார்சலை வாசலில் வைத்துவிட்டுக் கதவைப் படம் எடுத்து அனுப்பினால் வேலை முடிந்தது. உள்ளே இருக்கிறவர்கள் இவர்கள் போன பிறகுதான் கதவைத் திறப்பார்கள்.

"இத்தனை வருஷமா அந்தத் தெருவுக்கெல்லாம் போறேன். நான் கறுப்பா சிவப்பான்னு ஒருத்தருக்கும் தெரியாதும்மா," என்று ஒருநாள் சொன்னார். "கோணவாயா இருக்கறதுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது."

கண் சரியாக மூடாததால் தூசு பட்டு நீர் கொட்டும். மெல்ல மெல்லச் சின்னவனே ஓட்ட ஆரம்பித்தான். அவர் பார்சல்களைத் தெருவாரியாக அடுக்கிக் கொடுத்தார். சின்னவன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. சாப்பிடக் கூப்பிட்டால் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான். அதைப் பார்க்க எனக்கு நிறைவாகவே இருந்தது.

ஒரு காலை, பச்சை வட்டம் வருவதற்கு முன் போன் ஒரு கேள்வி கேட்டது. 'உங்கள் முகத்தில் மாற்றம் தெரிகிறது. இந்த முகத்தைப் புதுப்பித்துக்கொள்ளலாமா?' கீழே 'ஆம்', 'இல்லை'.

"என்னண்ணே போட?"

"ஆமான்னு போடுடா. தினம் மூணு நாலு தடவ திரும்பித் திரும்பி உன் கழுத்து சுளுக்குது. தொல்லை ஒழியட்டும்."

அவன் போட்டான். நானும் பக்கத்தில்தான் நின்று சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். போன் எதைக் கேட்டாலும் ஆம் போடுவதுதானே பழக்கம்? அது கேட்பதை முழுக்கப் படித்துவிட்டுப் போடுகிற குடும்பம் உலகத்தில் எங்கேயாவது இருக்கிறதா, சொல்லுங்கள்.

டாக்டர் சொன்னது பொய்யாகவில்லை. முதலில் கண் மூடியது. பிறகு உதடு. ஒருநாள் குளியலறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. நான் கரண்டியும் கையுமாக ஓடினேன். கண்ணாடி முன் நின்று பழைய பாட்டு ஒன்றை விசிலடித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வலது கன்னத்தில் ஒரு சின்னத் தொய்வு. மற்றபடி என் மனுஷன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்தாம்மா, போதும் விடு. நீயும் போன் மாதிரியே பாக்கறே," என்று சிரித்தார்.

அதே சந்தோஷத்தோடு போய்ப் போனை எடுத்தார். முகம் காட்டினார். சிவப்பு. மறுபடியும் காட்டினார். சின்னவன் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். மூன்றாவது முறை காட்டியதும் திரை முழுவதும் மாறிவிட்டது. 'உங்கள் கணக்கை வேறொரு நபர் பயன்படுத்த முயன்றுள்ளார். கவலை வேண்டாம், உங்கள் கணக்கு பாதுகாப்பாக உள்ளது.' உரிய நபர் லைசென்ஸோடு சரிபார்ப்பு அலுவலகத்துக்கு நேரில் வரும்வரை கணக்கைப் பூட்டிவைத்திருப்பதாகவும் போட்டிருந்தது.

"வேறொரு நபரா? நானா?" என்றார்.

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது என்று மூவரும் முடிவெடுத்தோம். நோய் வந்தது, தம்பி உதவினான், இப்போது சரியாகிவிட்டது. அங்கே இருப்பதாவது மனுஷ ஜென்மமாக இருக்கும் அல்லவா? அவர் லைசென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். நான் அன்றைக்கு அரைநாள் வேலைக்கும் லீவு சொல்லிவிட்டுக் கூடவே போனேன்.

நீளமான அறை. வரிசையாக நாற்காலிகள். எல்லாவற்றிலும் எங்களைப் போல யாராவது குனிந்த தலையோடு. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் எங்களைக் கூப்பிட்டாள். சின்ன வயது. குரல் அவ்வளவு மென்மை. கோபப்படக்கூட வழியில்லாத மென்மை. யார், என்ன என்று கேட்பதற்கு முன்பே கையிலிருந்த டேப்லெட்டை என் கணவர் முகத்துக்கு நேரே தூக்கினாள். சிவப்பு. சின்னவன் பக்கம் திருப்பினாள். பச்சை.

"நீங்கதானா சார்? உக்காருங்க," என்று சின்னவனுக்கு நாற்காலியைக் காட்டினாள். அவள் மேசைக்கு எதிரே இருந்தது ஒரே நாற்காலி. அவன் உட்காரவில்லை.

"ஒரு நிமிஷம்மா," என்றார் என் கணவர். "ஒரு விஷயம் கேட்டுக்கறேன். ஆரம்பத்துல சேந்தப்ப எடுத்த போட்டோவெல்லாம் உங்ககிட்ட இருக்கும்ல?"

"இல்ல சார். புது முகம் ஏத்தினதும் பழசெல்லாம் அழிஞ்சிடும். அது உங்க பாதுகாப்புக்குத்தான்." பிறகு குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். "நீங்க எதுவும் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். வேற ஆள் யாரோ முயற்சி பண்ணினதா இருந்தா அந்த ஆள் முகத்தை மட்டும் தடை பண்ணுவோம். சார் இன்னைக்கே வேலைக்குப் போலாம். ஆனா, சாரே தன்னோட கணக்கை இன்னொருத்தருக்குக் குடுத்திருந்தா, ரெண்டு பேர் முகத்தையும் தடை பண்ணிடுவோம். அப்புறம் எந்த கம்பெனியிலயும் வண்டி எடுக்க முடியாது. குடோன்ல மூட்டை தூக்கக்கூட உள்ள விடமாட்டாங்க. எல்லா வாசல்லயும் இதே மெஷின்தான். இப்போ சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் வீட்டில் இருக்கிற இரண்டு ஆம்பிளைகளுக்கும் இந்த ஊரில் ஒரு வாசலும் திறக்காது. நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"மேடம், உண்மையில…" என்று சின்னவன் வாயைத் திறந்தான்.

"கணக்கு யாரோடதோ அவங்க லைசென்ஸ் குடுங்க," என்றாள் அவள்.

என் கணவர் சட்டைப்பையில் கையை விட்டார். லைசென்ஸை எடுத்தார். அவளிடம் கொடுக்கவில்லை. தம்பியிடம் நீட்டினார்.

"இந்தாண்ணே," என்றார். "வண்டியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

சின்னவன் அதை வாங்கவில்லை. என் கணவர் அவன் கையைப் பிடித்து, விரலை விரித்து, உள்ளே வைத்து மூடினார். சின்ன வயதில் அவன் பள்ளிக்கூடம் கிளம்பும்போது கையில் பென்சிலை வைத்து மூடுவாரே, அப்படி. அந்தப் பெண் எடுத்துப் பார்த்தாள். என்றைக்கோ வாலிபத்தில் எடுத்த படம், தம்பிக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தியது.

"நீங்க சாருக்குத் தம்பியா? ஏன் சார் இப்படிப் பண்ணினீங்க?" என்று என் கணவரைக் கேட்டாள்.

"புத்தி கெட்டுப்போச்சும்மா. வேலை போயிடுச்சு. வீட்டுல சும்மா உக்காந்திருக்கேன். அண்ணன்தான் சோறு போடறார். சாப்பிடக் கூப்பிட்டாலே கூச்சமா இருக்கு. அதான், அவர் தூங்கறப்போ போனை எடுத்து…" என்று சொல்லிக்கொண்டே போனார். சின்னவனின் வாழ்க்கையை வார்த்தை பிசகாமல் தன் வாழ்க்கையாகச் சொன்னார். அவன் சோபாவில் படுத்து என்னென்ன நினைத்தான் என்று இவருக்கு இவ்வளவு தெரிந்திருக்கும் என நான் எதிர்பார்க்கவே இல்லை. சின்னவன் சுவரைப் பார்த்து நின்றான். அவன் முதுகு குலுங்கியது.

"பாக்க நீங்க பெரியவர் மாதிரி இருக்கீங்க," என்றாள் அவள், சும்மா பேச்சுக்கு.

"உடம்பு சரியில்லாம இருந்தேன்மா."

அந்த நேரம் என் போன் கிணுகிணுத்தது. சரிபார்ப்புக்காக அவள் அனுப்பிய ஓர் எண் வந்திருந்தது. "அவசரத்துக்குக் கூப்பிட மனைவி நம்பர் குடுத்திருக்கார்," என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "மேடம், நீங்கதானே சாரோட மனைவி?" அவள் விரல் சின்னவனைக் காட்டியது.

அரைக்கால் சட்டையோடு வாசலில் நின்றவனை. நான் தட்டில் சோறு போட்டு வளர்த்தவனை. பிள்ளை மாதிரி என்றுகூடச் சொல்ல மாட்டேன், பிள்ளைதான். வாய்க்கு வந்ததை எல்லாம் அந்தப் பெண்ணின் மேல் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. என் கணவரைப் பார்த்தேன். ஒரு தடவை அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தால் எல்லாவற்றையும் போட்டு உடைத்திருப்பேன், தடை வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். அவர் தரையைப் பார்த்தார்.

"ஆமாம்," என்றேன்.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சேந்து நில்லுங்க. ஒரு போட்டோ." பிறகு என் கணவரிடம், "நீங்க கொஞ்சம் தள்ளிக்கோங்க சார், படத்துல விழறீங்க."

அவர் தள்ளிக்கொண்டார். ரொம்பவே தள்ளிக்கொண்டார், கதவருகே போய் நின்றார். எங்கள் படம் முடிந்ததும் அவள் அவரிடம் போய், தடை போடுவதற்காக அவர் முகத்தையும் எடுத்தாள். இப்படித் திரும்புங்க, அப்படித் திரும்புங்க, சிமிட்டுங்க. சொன்னபடி எல்லாம் செய்தார். முதல் தடவையிலேயே பதிவாகிவிட்டது.

வெளியே வருவதற்குள் ஓர் ஆள் எங்கள் வேனில் கண்ணாடிக்கு மேலே கட்டைவிரல் அளவு கேமரா ஒன்றை ஒட்டிவிட்டிருந்தான். இந்த மாதிரி தகராறு வந்த வண்டிகளுக்கெல்லாம் அது கட்டாயமாம். ஓட்டுகிறவர் மாறுகிறாரா என்று பார்த்துக்கொண்டே இருக்குமாம். "இது பாக்கவும் செய்யும், கேக்கவும் செய்யும் சார். கொஞ்ச நாள் பாத்துப் பேசுங்க," என்று சின்னவனிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

முன்னால் இரண்டே இருக்கைதான். பழக்கத்தில் என் கணவர் ஓட்டுநர் பக்கக் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். பிறகு எடுத்துவிட்டார். வேனின் பின்பக்கம் நடந்தார். கதவைத் திறந்து, மீதமிருந்த பார்சல்களை ஓரமாக நகர்த்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். சின்னவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தேம்பிக்கொண்டிருந்தது முன்னாலிருந்து கேட்டது.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் ஏறப்போனேன். மானமாவது மண்ணாவது, என் இடம் அதுதான். "நகருங்க," என்றேன். அவர் நகரவில்லை. கேமரா இருக்கும் பக்கம் ஒரு தடவை பார்த்தார். என் தோளைத் தொடக்கூட இல்லை, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"முன்னாடி போய் உக்காருங்க, அண்ணி," என்றார் என் கணவர். உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.